நடுவர் ஆசனமும் பாடற்குழுவும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கிளைக் கிராமப் பாடற்குழுப் போட்டியில், முடிவுகள் அறிவிக்கப்படுமுன் நடுவர் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

முடிவை அறியும் ஆவலோடு அமர்ந்திருக்கும் உங்கள் முன் நீண்ட உரை நிகழ்த்துவது முறையன்று என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும் விழாக் குழுவினர் எங்களுக்கு ஒரு பொருளைத் தந்து பேசப் பணித்துள்ளார்கள். பாடற்குழுப் போட்டிகளுக்கு நடுவராக அமர்கிறவர்கள் யார், அவர்கள் எந்த வழியில் வந்தவர்கள் என்பதே அப்பொருள். தீர்ப்புச் சொல்கிறவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தால், தீர்ப்பின்மேல் எழும் மனத்தாங்கல் குறையும் என்பது அவர்கள் எண்ணம்.

அந்த எண்ணம் வீணானதன்று. ஒரு பங்கில் நடந்ததை நாங்கள் அறிவோம், பெயர் வேண்டாம். போட்டியில் எதிர்பார்த்த பரிசு கிடைக்காத குழு ஒன்று, அதன்பின் ஓராண்டுக் காலம் கோவிலில் பாட வரவேயில்லை. ஆர்மோனியப் பெட்டி துணி போர்த்தியபடியே கிடந்தது. அவ்வாண்டுத் திருவிழாத் திருப்பலிக்குப் பதிவு செய்த பாட்டை ஒலிபெருக்கியில் போட்டார்கள். ஒரு கேடயத்துக்காக ஓர் ஊர் தன் குரலை இழந்தது. இங்கே அவ்வாறு நேரக்கூடாது. ஆகவேதான் இச்சில நிமிடங்களை உங்களிடம் கேட்டுப் பெறுகிறோம்.

தோற்றவரும் வென்றவருமே நடுவர்

பாடற்குழுப் போட்டிகளுக்குப் பேர்போன நாடு வேல்ஸ். அந்நாட்டார் தம் கலைவிழாவை 'ஐஸ்டெத்வொட்' என்பர். 'அமர்வு' என்பதே அச்சொல்லின் பொருள். அங்கே நெடுங்காலமாக ஒரு நல்ல மரபு உண்டு. நடுவர் முடிவை மட்டும் சொல்லிவிட்டுப் போவதில்லை. மேடையேறி, மக்கள் கேட்க, ஒவ்வொரு குழுவிலும் கண்ட நிறையையும் குறையையும் எடுத்துச் சொன்ன பிறகே வென்றவர் பெயரைக் கூறுவார். காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் கவனமாகக் கேட்டே ஆகவேண்டும் அல்லவா?

அந்த மேடைகளில் நடுவராகப் புகழ் பெற்றவர்களுள் ஜோசப் பாரி ஒருவர். 1841-இல் மெர்தர் டிட்வில் என்னும் இரும்பாலை ஊரில் பிறந்தார். ஒன்பது வயதில் சுரங்க வேலை. பின்பு இரும்பாலை வேலை. 1854-இல் குடும்பத்தோடு அமெரிக்கா சென்று, பென்சில்வேனியாவின் டான்வில் ஊரிலும் இரும்பாலையிலேயே உழைத்தார். உடன் உழைத்தவர்களிடம் இசை கற்றார். ஐஸ்டெத்வொட் போட்டிகளுக்குத் தாம் இயற்றிய இசையை அனுப்பிப் பரிசு பெற்றார். அவரது திறமையைக் கண்ட மக்கள் பணம் திரட்டி லண்டன் இராயல் இசைக் கழகத்தில் படிக்க வைத்தார்கள். 1874-இல் அபெரிஸ்ட்வித் பல்கலைக் கல்லூரியின் முதல் இசைப் பேராசிரியரானார். 1878-இல் கேம்பிரிட்ஜில் இசை முனைவர் பட்டம் பெற்றார். 1903-இல் இறக்கும் வரை பாடற்குழுக்களை நடத்தியும், நாடெங்கும் போட்டிகளுக்கு நடுவராக அமர்ந்தும் வந்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பாரியை நடுவர் ஆசனத்தில் அமர்த்தியது பட்டம் மட்டுமன்று. தம் படைப்பைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு, தீர்ப்புக்காக நெஞ்சு படபடக்கக் காத்திருந்தவர் அவர். பகல் முழுதும் உலைக்களத்தில் நின்றவன் இரவில் பாட வரும்போது அவன் குரல் எந்த நிலையில் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். இன்று இங்கே பாடியவர்களிலும் விடியலில் கடலுக்குப் போய் வந்தவர்கள் உண்டு. வயல் வேலை முடித்து வந்தவர்கள் உண்டு. அதை அறியாதவர் உங்களுக்கு நடுவராக முடியாது.

துறவியின் பெயரால் ஒரு போட்டி

இத்தாலி நாட்டின் அரெசோ நகரில், 1950-களில் தொடங்கிய அனைத்துலகப் பாடற்குழுப் போட்டி ஒன்று உண்டு. அது அந்நகரில் வாழ்ந்த குயிதோ என்னும் பெனதிக்து சபைத் துறவியின் பெயரைத் தாங்கியது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், கோடுகளின்மேல் சுரங்களைக் குறித்து எழுதும் முறையைச் செம்மைப்படுத்தியவர் அவரே. புனித திருமுழுக்கு யோவானைப் போற்றும் இலத்தீன் கீதத்தின் அடிகள்தோறும் முதல் அசையை எடுத்து, 'உத், ரே, மி, ஃபா, சோல், லா' என்று சுரங்களுக்குப் பெயரிட்டார். பல ஆண்டு மனப்பாடம் செய்தால்தான் வரும் என்றிருந்த திருவழிபாட்டுப் பாடல்களைச் சிறுவர்கள் குறுகிய காலத்தில் கற்றுக்கொள்ள வழி பிறந்தது.

அவருக்கு நேர்ந்தது என்ன? பொம்போசா மடத்தில் உடனிருந்த துறவிகளின் பொறாமையால் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. அரெசோ ஆயர் தெயோதால்து அடைக்கலம் தந்து, பேராலயத்துச் சிறுவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் பணித்தார். பின்பு திருத்தந்தை பத்தொன்பதாம் யோவானே அவரை உரோமைக்கு அழைத்து அவருடைய முறையைக் கேட்டறிந்தார். பாடற்குழுவுக்குள் பொறாமை புகுவது புதிதன்று என்பதற்கும், பொறாமையால் நல்ல பணியை நிறுத்திவிட முடியாது என்பதற்கும் அவர் வாழ்வே சான்று.

அரெசோவைப் போலவே ஹங்கேரியின் டெப்ரெசென் நகரில் 1961 முதல் போட்டி நடந்து வருகிறது. 1980-களின் இறுதியில் அரெசோ, டெப்ரெசென், கொரிசியா, தூர், வார்னா ஆகிய ஐந்து நகரங்களின் போட்டிகள் ஒன்றுகூடி, அவற்றில் வென்ற குழுக்களுக்குள் 'ஐரோப்பியப் பெரும் பரிசு' என்னும் போட்டியை ஏற்படுத்தின. பாடற்குழு உலகில் மிக உயர்ந்த பரிசுகளுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது.

மணிலாவின் ஆந்திரேயா அம்மையார்

அந்தப் பெரும் பரிசை இருமுறை வென்ற முதல் குழு ஐரோப்பியக் குழு அன்று. நம் ஆசியாவின் கத்தோலிக்க நாடாகிய பிலிப்பைன்ஸின் குழு. 'பிலிப்பைன் மாட்ரிகல் பாடகர்கள்' என்பது அதன் பெயர். 1997-இல் ஒருமுறை, 2007-இல் அரெசோ நகரில் மறுமுறை என இருமுறை வென்றது. அக்குழுவைத் தோற்றுவித்தவர் ஆந்திரேயா வெனராசியோன் அம்மையார். நடத்துநராயிருந்து நடுவராக உயர்ந்தவர்களுக்கு அவரைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்களுக்குத் தெரியவில்லை.

1928-இல் பிறந்த அவர் முதலில் பாடகி. பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக இசைக் கல்லூரியில் பயின்று, பின் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகம் சென்றார். அங்கே பழைய ஐரோப்பியக் குழுப்பாடல்களைக் கற்றுத் திரும்பி, 1963-இல் தம் பல்கலைக்கழகத்து ஆசிரியர்களையும் மாணவர்களையும் சேர்த்து ஒரு சிறு குழு அமைத்தார்.

அக்குழு பாடும் முறையே தனி. எல்லாரும் அரைவட்டமாக நாற்காலிகளில் அமர்ந்து பாடுவார்கள். நடத்துநர் எதிரே நின்று கையசைப்பதில்லை. அரைவட்டத்தின் ஓர் ஓரத்தில் தாமும் ஒருவராக அமர்ந்து, உடன் பாடிக்கொண்டே வழிநடத்துகிறார். இதனால் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் குரலைக் கேட்டே ஆகவேண்டும். தம் குரலை மட்டும் கேட்கிறவருக்கு அங்கே இடமில்லை. ஐரோப்பியப் பாடல்களோடு தம் நாட்டு நாட்டுப்புறப் பாடல்களையும் பல குரல்களுக்கு அமைத்து உலகெங்கும் பாடிக் காட்டினார்கள்.

அம்மையார் பல நாடுகளில் நடந்த அனைத்துலகப் போட்டிகளுக்கு நடுவராக அடிக்கடி அழைக்கப்பட்டார். 1999-இல் அவருடைய நாடு 'தேசியக் கலைஞர்' என்னும் உயரிய விருதை அளித்தது. 2001-இல் குழுவின் பொறுப்பைத் தம் மாணவர் மார்க் ஆந்தனி கார்பியோவிடம் ஒப்படைத்தார். 2007-இல் பெற்ற வெற்றி அம்மாணவர் நடத்தியபோது வந்தது. 2013-இல் அம்மையார் இறைவனடி சேர்ந்தார். அவரிடம் பாடிப் பயின்றவர்கள் பலர் இன்று தத்தம் ஊர்களில் பாடற்குழு நடத்துகிறார்கள்.

அன்பர்களே, இவ்வாழ்வின் படிகளை எண்ணிப் பாருங்கள். முதலில் வரிசையில் நின்று பாடியவர். பிறகு கற்றவர். பிறகு ஒரு குழுவை ஆண்டுக்கணக்கில் வளர்த்தவர். பிறகு பிறர் முன் பாடி, பிறர் தீர்ப்புக்குத் தம்மை உட்படுத்தியவர். அதன் பின்னரே நடுவர். இந்த வரிசையைத் தாண்டிக் குதித்து அந்த ஆசனத்தில் நிலைத்தவர்கள் அரியர். நடத்துநர்களையே தேர்வுக்கு உட்படுத்தும் போட்டிகளும் உண்டு. சுவீடன் நாட்டின் புகழ்பெற்ற நடத்துநர் எரிக் எரிக்சன் பெயரில் 2003-இல் தொடங்கிய போட்டி அத்தகையது. பிறரை நடத்துகிறவரும் அளவுகோலுக்கு அப்பாற்பட்டவர் அல்லர்.

நடுவர் கேட்பது என்ன?

இனி, மதிப்பெண் எப்படி இடுகிறார்கள் என்பதைச் சொல்கிறோம். 2000-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் தொடங்கிய உலகப் பாடற்குழு விழாவிலும், அதைச் சார்ந்த போட்டிகளிலும் நான்கு அளவைகளைக் கைக்கொள்கிறார்கள். சுருதிச் சுத்தம், குரல்களின் இசைவும் தரமும், எழுதிய இசைக்குறிப்புக்கு உண்மையாய் இருத்தல், ஒட்டுமொத்தக் கலையழகு என்பன அவை. அங்கே தங்கம், வெள்ளி, வெண்கலம் என்பன ஒவ்வொரு குழுவுக்கு மட்டும் தரும் பரிசுகள் அல்ல. தங்கத்துக்குரிய மதிப்பெண்ணைப் பத்துக் குழுக்கள் எட்டினால் பத்தும் தங்கம் பெறும். அடுத்த குழுவைவிட மேலா கீழா என்பதைக் காட்டிலும், வைத்த அளவை எட்டினோமா என்பதே முதற் கேள்வி.

நாங்களும் ஏறக்குறைய அவ்வழியே சென்றோம். எல்லாக் குழுக்களுக்கும் பொதுவாக இரக்க மன்றாட்டு ஒன்றும், விருப்பப் பாடல் ஒன்றும் தந்திருந்தோம். கண்டவற்றைக் குழுக்களின் பெயர் கூறாமல் சொல்கிறோம். ஏற்றுக்கொள்வீர்கள் என நம்புகிறோம்.

முதலாவது, சுருதி. கீபோர்டு ஒலி நின்றவுடன் பல குழுக்களின் சுருதி சற்றே இறங்கியது. கருவி மறுபடி நுழைந்தபோது அது வெளிப்பட்டது. வாரம் ஒருமுறையேனும் கருவி இல்லாமல் பாடிப் பழகுங்கள். கருவி ஊன்றுகோல்தான், அதுவே கால் ஆகிவிடக் கூடாது.

இரண்டாவது, சொல். நம் தமிழில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும். மெட்டுக்காகக் குறிலை இழுத்தால் 'படு' என்பது 'பாடு' ஆகிவிடும். லகர, ளகர, ழகர வேறுபாட்டை மூன்று குழுக்கள் மிக அழகாகக் காத்தன. மற்றவை அவசரத்தில் விட்டன. பாடலைக் கையில் எடுக்குமுன் அதன் சொற்களை வாய்விட்டு வாசியுங்கள். பொருள் விளங்காத சொல் வாயிலிருந்து தெளிவாக வராது.

மூன்றாவது, ஒன்றிப்பு. நல்ல குரல் உடைய ஒருவர் மற்றவர்களை மூழ்கடிப்பது சில குழுக்களில் நேர்ந்தது. அந்தக் குரல் இறைவன் தந்த கொடைதான். ஆனால் குழுவில் அதன் முதல் வேலை பக்கத்துக் குரலுக்கு இடம் விடுவது.

ஒரு செய்தியையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். எங்களில் ஒருவரிடம் முன்பு பாட்டுப் பயின்ற பிள்ளைகள் ஒரு குழுவில் இருந்தார்கள். அதை முன்கூட்டியே விழாக் குழுவினரிடம் தெரிவித்தோம். அக்குழுவுக்கு அவர் மதிப்பெண் இடவில்லை. மற்றவர்கள் இட்டதன் சராசரியே கொள்ளப்பட்டது. தொடர்பு உண்டு என்றால் சொல்லிவிட்டு விலகி நிற்பதே நடுவர்க்கு அழகு. வள்ளுவப் பெருந்தகை நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்து, துலாக்கோலை உவமையாகக் காட்டினார். கோல் தன் பக்கம் எதையும் வைத்துக்கொள்வதில்லை.

நடுவருக்குக் கேட்காதவை

எவ்வளவு தேர்ந்த நடுவருக்கும் கேட்காதவை உண்டு. 1955-இல் வேல்ஸ் நாட்டின் லாங்கோலென் ஊரில் நடந்த அனைத்துலக இசைவிழாவுக்கு, இத்தாலியின் மோதெனா நகரிலிருந்து ஓர் ஆண்கள் பாடற்குழு வந்து முதற்பரிசு பெற்றது. அக்குழுவில் ரொட்டி சுடும் தொழிலாளி ஒருவரும் அவருடைய பத்தொன்பது வயது மகனும் நின்று பாடினார்கள். அந்த மகன்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற லூச்சியானோ பாவரோட்டி. அன்று நடுவர்கள் மதிப்பெண் இட்டது குழுவுக்கு, அவருக்கு அன்று. ஆயினும் தாம் பாடகராக வேண்டும் என்ற உறுதியை அவ்வெற்றியே தந்ததாக அவர் பிற்காலத்தில் பலமுறை சொன்னார். 1995-இல் அதே ஊருக்குத் திரும்பி வந்தும் பாடினார். இன்று உங்கள் குழுக்களில் கடைசி வரிசையில் நின்ற சிறுவனும் சிறுமியும் என்ன ஆவார்கள் என்பது எங்கள் தாளில் இல்லை. அவர்களை நாளையும் பாட வைப்பது உங்கள் கையில்.

அந்த லாங்கோலென் விழா 1947-இல், இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, நாடுகளிடையே நட்பு மலர வேண்டும் என்று தொடங்கப்பட்டது. 1949-இல் ஜெர்மனியின் லூபெக் நகரிலிருந்து ஒரு குழு வந்தது. போர்ப் புண் ஆறாத காலம். மக்கள் எப்படி ஏற்பார்களோ என்ற நடுக்கத்தோடு மேடையேறினார்கள். அறிவிப்பாளர் அவர்களை நண்பர்கள் என்று கூறி வரவேற்றார். கூடியிருந்தோர் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். நேற்றுவரை போர்க்களத்தில் எதிரெதிரே நின்ற நாட்டார் பாட்டு மேடையில் ஒருவரையொருவர் ஏற்க முடியுமானால், ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கும் இரண்டு ஊரார் ஏன் முகம் திருப்ப வேண்டும்?

இன்னொன்று இன்றியமையாதது. அரங்கில் பாடும் குழு வேறு. ஆலயத்தில் பாடும் குழு வேறு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம் பாடற்குழுக்களை ஊக்கத்தோடு வளர்க்கச் சொல்கிறது. அதே மூச்சில், இறைமக்கள் அனைவரும் தமக்குரிய பங்கைப் பாட வேண்டும் என்றும் வற்புறுத்துகிறது. 1967-இல் வந்த திருவழிபாட்டு இசை பற்றிய போதனை, மக்களை வாய்மூட வைத்துவிட்டு எல்லாவற்றையும் குழுவே பாடிவிடும் வழக்கத்தை ஏற்கவில்லை. ஆகவே, இன்று முதற்பரிசு பெறும் குழு வருகிற ஞாயிறன்று தன் ஊர் மக்களைப் பாட வைக்காமல் போனால், எங்கள் மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை. கடைசி இடம் பெறும் குழு தன் ஊர்ப் பாட்டியையும் பேரனையும் ஒரே பல்லவியில் சேர்த்துவிட்டால், எங்கள் தாளில் இல்லாத பரிசு அதற்கு உண்டு.

ஒரு வேண்டுகோள்

இங்கிலாந்தின் வடபகுதியில் கெண்டல் ஊருக்கு அருகே, 1885-இல் மேரி வேக்ஃபீல்டு என்னும் அம்மையார் சிற்றூர்ப் பாடற்குழுக்களுக்குப் போட்டி தொடங்கினார். தனித்தனியே போட்டியிட்ட குழுக்கள் இறுதியில் ஒன்றுசேர்ந்து ஒரே இசையைப் பாடுவது அவ்விழாவின் சிறப்பாக வளர்ந்தது. தென்பகுதியில் 1905-இல் தொடங்கிய லீத் ஹில் விழாவும் அவ்வழியே சென்றது. பகலில் ஊருக்கு ஊர் போட்டி. மாலையில் எல்லா ஊரும் ஒரே குழு. அந்தக் கூட்டுக் குழுவைப் புகழ்பெற்ற இசையமைப்பாளர் ரால்ஃப் வான் வில்லியம்ஸ் 1953 வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், நடத்தினார். பெரிய அரங்குகள் அழைத்தபோதும் சிற்றூர்ப் பாடகர்களை அவர் கைவிடவில்லை.

பங்குத்தந்தை அவர்களிடமும் உங்களிடமும் எங்கள் வேண்டுகோள் இதுவே. பொன்விழா நன்றித் திருப்பலியில் வென்ற குழு மட்டும் பாட வேண்டாம். ஒன்பது குழுக்களும் சேர்ந்து பாடட்டும். போட்டிக்கென நீங்கள் எல்லாரும் பழகிய இரக்க மன்றாட்டு இருக்கிறது. ஒவ்வொரு குழுவும் அதைத் தன் ஊர்ச் சாயலில் பாடியதை நாங்கள் கேட்டோம். இனி அதை ஒரே சுருதியில், ஒரே தாளத்தில், மக்களோடு சேர்ந்து பாட வேண்டும். அதற்கு இரண்டு மாலைப் பயிற்சி போதும். பயிற்சிக்கு வர நாங்கள் அணியமாய் இருக்கிறோம். அப்போது எங்கள் கையில் எழுதுகோல் இருக்காது; உங்களோடு வரிசையில் நிற்போம்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓலைக் கொட்டகையில் கூடி இப்பங்கைத் தொடங்கிய முன்னோரிடம் கீபோர்டும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. குரல் மட்டுமே இருந்தது. அந்தக் குரலை உங்களிடம் ஒப்படைத்துச் சென்றிருக்கிறார்கள்.

முடிவுகளை இப்போது பங்குத்தந்தை அவர்கள் வாசிப்பார்கள். பெறுகிறவர்கள் பணிவோடு பெறுங்கள். பெறாதவர்கள் கைதட்டி வாழ்த்துங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் எங்கள் குறிப்புத் தாள் தனித்தனியே தரப்படும். ஐயம் இருப்பின் இன்றே, இங்கேயே கேளுங்கள்; காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பாடற்குழுக்களின் பாதுகாவலியாகிய புனித செசிலியம்மாள் உங்களுக்காக மன்றாடுவாராக. எல்லாக் குரலையும் படைத்த இறைவன் உங்கள் குழுக்களையும் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.